கரைக்காத கலயம்

ஏனுங்க தம்பி, இங்க ஆராச்சும் உக்காந்திருக்காங்களா? இல்லையா? செரிங்க, நான் உக்காந்துக்கறன். நீங்க மாஸ்க்கைக் கழட்ட வேண்டாமுங்க. அது அப்படியே இருக்கட்டும்.

உங்ககிட்ட ஒரு உதவி கேக்கோணும். நெம்பச் சின்ன உதவிதானுங்க. சித்த நேரத்துல என்ற மருமக இங்க வருவா. வந்து உங்க முன்னால நின்னான்னா, நான் "இவருதான்"னு உங்களைக் கை காட்டுவேன். நீங்க "ஆமாம்மா, நாந்தான், நல்லா இருக்கறன்"னு ஒரு வார்த்தை சொல்லோணும். அதுக்கு மேல ஒண்ணும் பேச வேண்டாம். செத்துப்போன என்ற பையனோட இருதயம் உங்க நெஞ்சுக்குள்ள துடிச்சுட்டு இருக்குதுன்னு அவ நம்போணும். அவ்வளவுதான்.

ஐயோ, எந்திரிக்காதீங்க. நான் கிறுக்கன் இல்லீங்க. வியாழக்கிழமையானா இந்தப் பெஞ்சில என்னைப் பாக்காத ஆளே கெடையாது. அதோ அந்த நர்சம்மாகிட்ட வேணும்னா கேட்டுப் பாருங்க. சோமனூர் ஐயான்னு சொல்லும். டீ வாங்கிக் குடுக்கற அளவுக்குப் பழக்கம். உக்காருங்க, உக்காருங்க.

உங்களுக்கு என்னுங்க வெச்சிருக்காங்க, கிட்னியா? ஆரு குடுத்தாங்க? சம்சாரமா? அதான பாத்தன். நானும் இங்க உக்காந்து பாக்கறனே, கிட்னி வெச்சுட்டு வர்ற ஆம்பளைக்கெல்லாம் சம்சாரமோ, அக்காளோ, பெத்த தாயோதான் குடுத்திருக்காங்க. பொம்பளைங்க மனசு அப்படிங்க. கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துருவாங்க. என்ற மருமகளும் அந்த மாதிரிதான், தங்கமான புள்ளை. கிட்னியா இருந்தாலும் பரவால்லீங்க. சட்டையைத் தொறந்து காட்டுன்னா கேக்கப் போறா? மாஸ்க் போட்டுட்டா இங்க இருக்கற எல்லாரும் ஒரே மாதிரிதான்.

ஏன் இந்தப் பொய்யின்னு கேக்கறீங்க. கேக்கத்தான் செய்வீங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். உங்களைக் கூப்பிடறதுக்குள்ள சொல்லிப்போடறன்.

என்ற பேரு நாச்சிமுத்து. தறி ஓட்டறவன். கூலிக்கு நெய்யறதுதான் பொழப்பு. ஒரே பையன், நவநீதன்னு பேரு. அவன் பள்ளிக்கூடம் போயிட்டிருக்கறப்பவே என்ற சம்சாரம் போயிட்டா. அப்பறம் நானும் அவனும்தான். நான் ஆக்குன சோத்தை அவன் திட்டிட்டே திம்பான், அவன் ஆக்குனதை நான் திட்டிட்டே திம்பேன். கோகிலா மருமகளா வந்தப்பறம்தான் எங்கூட்டுல வாய்க்கு ருசியா ஒரு ரசம் வெச்சாங்க. எனக்கு வவுத்துல கோளாறு. மொளகு ரசம் இல்லீன்னா சோறு எறங்காது. அவ வைக்கற ரசம் இருக்குது பாருங்க... செரி, அது கெடக்குது.

கண்ணாலமாகி ரண்டு வருசம்கூட முழுசா ஆகலீங்க. பைபாஸ்ல பைக்குல வந்துட்டு இருந்தவனை ஒரு லாரிக்காரன் தட்டிப்போட்டுப் போயிட்டான். ஹெல்மெட்டு வண்டியில தொங்கிட்டிருந்துச்சுங்க. ஹெல்மெட்டுக்கு ஒரு கீறல் இல்லை. அதை நான் இன்னும் வெச்சிருக்கறன். எதுக்கு வெச்சிருக்கறன்னு எனக்கே தெரியலை.

இங்கதான் கொண்டாந்தாங்க. டாக்டரு வந்து மூளை செத்துப்போச்சுன்னாரு. நான் பாக்கறன், நெஞ்சு ஏறி எறங்குது. கையைத் தொடறன், கை சூடா இருக்குது. காச்சல் வந்தப்ப தொட்டுப் பாப்பனே, அந்தச் சூடு. செத்துட்டான்னா எப்படிங்க நம்பறது? மெசினுதான் மூச்சு விடுதுன்னாரு. மெசினு மூச்சு விட்டா கை சூடாகுமா? நான் தறி மெசினோடவே வாழ்ந்தவன், எந்த மெசினு எதைச் செய்யும்னு எனக்குத் தெரியாதா? அப்படித்தான் சண்டை புடிச்சுட்டு இருந்தன்.

அப்பத்தானுங்க அந்தம்மா வந்துச்சு. இதுக்குன்னே ஆள் போட்டிருக்காங்களே, சொந்தக்காரங்ககிட்டப் பேசறதுக்கு, அந்தம்மா. நல்ல அம்மா, குத்தம் சொல்ல மாட்டேன். தரையில என்ற பக்கத்துல உக்காந்துச்சு. கையைப் புடிச்சுட்டு, "ஐயா, நீங்க மனசு வெச்சா உங்க பையன் சாகலீங்க, இன்னொருத்தருக்குள்ள வாழ்ந்துட்டே இருப்பாரு"ன்னு சொல்லுச்சு. நான் கேட்டன், நெசமா வாழ்வானா? வாழ்வாருங்கய்யா. இருதயம் துடிக்குமா? துடிக்குமுங்கய்யா. நாளைக்கும் துடிக்குமா? நாளைக்கும் துடிக்குமுங்கய்யா. திருப்பித் திருப்பிக் கேட்டன். திருப்பித் திருப்பிச் சொல்லுச்சு. அப்பறம்தான் கையெழுத்துப் போட்டன்.

கோகிலா செவுத்துல தலையைச் சாச்சுட்டு உக்காந்திருந்தா. அவளும் கையெழுத்துப் போடோணுமாம். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, "அறுக்கறப்ப அவருக்கு வலிக்குமா?"ன்னு. வலிக்காதும்மான்னாங்க. போட்டுட்டா.

பங்காளிக வந்து குதிச்சானுக. கண்ணில்லாம அனுப்புனா மறுபிறவியில குருடாப் பொறப்பான், இருதயமில்லாம அனுப்புனா நெஞ்சுல ஈரமில்லாதவனாப் பொறப்பான்னு ஒருத்தன் ஒருத்தனா வந்து சொன்னானுக. போங்கடா சர்த்தான்னு தொரத்திட்டேன். அப்பறம் பாத்தா, பெரிய பெரிய அதிகாரியெல்லாம் காருல வந்து எறங்கி மாலை போடறாங்க. போலீசு சல்யூட்டு அடிக்குது. குதிச்ச பங்காளிகதான் மொத வரிசையில நின்னு போட்டோ புடிச்சுட்டானுக. நான் எல்லாருகிட்டயும் சொன்னன், என்ற பையன் சாகலை, இருக்கான்னு. எல்லாரும் ஆமா, ஆமாங்கன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. ஒருத்தராச்சும் இல்லைன்னு சொன்னாங்களா? இல்லையே!

அப்பறம் கருமாதி வந்துச்சுங்க. அதே சனம் வந்து நிக்குது. பிண்டம் வைக்கோணும், எள்ளுந்தண்ணி எறைக்கோணும், அஸ்தியைக் கரைக்கோணும், கோகிலாகிட்டத் தாலி வாங்கோணுமாம். நான் வாசப்படியில நின்னுட்டன். ஆருக்குடா கருமாதின்னன். நேத்து வரைக்கும் இருக்கான், இருக்கான்னு கும்புட்டீங்க, இன்னிக்கு அவனுக்குப் பிண்டம் வைக்கறீங்களா? இருதயம் அங்க துடிச்சுட்டு இருக்கறப்ப இங்க எள்ளுந்தண்ணி எறைச்சா அந்தத் துடிப்பு நிக்காதா? உசுரோட இருக்கறவனுக்குப் பிண்டம் வைக்கறது சாபம் இல்லையாடா? கேட்டன். ஒவ்வொருத்தனாக் கெளம்பிட்டான். சமையலுக்கு வந்தவன்கூட அண்டாவைத் தூக்கிட்டுப் போயிட்டான்.

அஸ்திக் கலயத்தை ஊட்டுக்குள்ள வைக்கக் கூடாதுங்களே. தறிக்குடோன் விட்டத்துல துணி சுத்திக் கட்டித் தொங்க விட்டன். இன்னிக்கு வரைக்கும் அங்கயேதான் தொங்குது. கீழ தறி ஓடுது, மேல அது ஆடுது.

நானாப் புடிவாதம் புடிக்கறன்னு நெனைக்காதீங்க. கேட்டேனுங்க. அஸ்தி கரைக்கற பேரூர்ப் படித்துறையில போயி ஐயரைக் கேட்டன். அவரு, "உசுரு வேற, உறுப்பு வேற, பிண்டம் உசுருக்குத்தான். அது எப்பவோ கெளம்பியாச்சு. நீ வழியை அடைச்சுட்டு நிக்காத"ன்னாரு. நான் உடுவனா? இருதயத்துல உசுரு இல்லீனா பின்ன எதுலதான் சாமி இருக்குதுன்னு கேட்டன். அவரு பஞ்சாங்கத்தை மூடி வெச்சுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு. தெரியலை, அதான்.

நூல் குடுக்கற ஜமால் பாய்கிட்டயும் கேட்டன். அவரு நல்லா ஓதுனவரு. "எங்க மார்க்கம் படிச்ச அஜரத்துமாருக்குள்ளயே இந்த விசயத்துல ரண்டு பேச்சு இருக்குது நாச்சிமுத்து. ஆனா எனக்குத் தோணறதைச் சொல்றேன். குடுத்த பொருளைக் குடுத்தவன் திரும்பிப் பாக்கப்படாது. நீங்க வாரம் தவறாம ஆசுபத்திரி வாசல்ல போயி நின்னா, அது குடுத்ததா ஆகுமா, எரவல் குடுத்ததா ஆகுமா?"ன்னாரு. அவரு சொல்லுவாரு. அவரு பையன் துபாய்ல இருக்கான், வாராவாரம் வீடியோவுல பேசறான். நான் எதுல பேசறதுங்க?

கோகிலாவுக்கு நான் செஞ்சதை எந்த மாமனாரும் செஞ்சிருக்க மாட்டானுங்க. பெருமைக்குச் சொல்லலை. அவ நெத்திப் பொட்டை ஒருத்தனைத் தொட உடலை. தாலியை எறக்க உடலை. பூ வாங்கியாந்து அவ கையிலயே குடுப்பேன். வெச்சுக்க கண்ணு, உன்ற புருசன் இருக்கான்னு சொல்லுவேன். அவ வாங்கி அடுக்களை சன்னல்ல வெச்சுருவா. அங்கயே கெடந்து காயும். கூச்சம். திருப்பூருல பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போறா. பஸ்ஸு நிக்கற எடத்துல நாலு பொம்பளைக வாய்க்கு வந்ததைப் பேசுதுகளாம், புருசனை எரிச்சுப்போட்டுத் தாலியோட திரியறா பாருன்னு. பேசட்டும். அவளுகளுக்கு என்ன தெரியும்?

போன வருசம் அவ கூடப்பொறந்தவன் வந்தான். ஒறம்பரை வந்திருக்குதேன்னு வாய் நெறைய வான்னுதான் சொன்னன். அவன் சோத்துல கையை வெச்சுட்டே பேச்செடுக்கறான். பெருந்துறையில ஒருத்தரு இருக்காராம். சைக்கிள் கடையாம். சம்சாரம் பிரசவத்துல தவறிப்போச்சாம். கோகிலாவை அவருக்குக் கேக்கறாங்களாம். "மாமா, அவ வயசைப் பாருங்க. நீங்க கருமாதியை முடிச்சு உட்டாத்தான் நாங்க மேற்கொண்டு வாயைத் தொறந்து பேச முடியும். அது வரைக்கும் அவ பொண்டாட்டியும் இல்லை, முண்டச்சியும் இல்லை. நடுவுல நிக்கறா"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! உசுரோட புருசன் இருக்கறவளுக்கு மாப்பிள்ளை பாக்கறயாடான்னு எலையோட எழுப்பி உட்டுட்டன். கோகிலா அடுக்களை வாசல்ல கரண்டியோட நின்னுட்டிருந்தா. ஒரு வார்த்தை பேசலீங்க. அவளுக்கு இஷ்டமில்லை, அதான் பேசலை. இஷ்டம் இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டாளா?

நான் எனக்காகவா சொல்றன்? சோறாக்கிப்போட ஆளில்லாமப் போயிரும்னா சொல்றன்? ஓட்டல்ல தின்னுட்டுப் போறன், அதுக்கென்ன. வவுறு ஒத்துக்காது, அவ்வளவுதான். ஊடு பூட்டிக் கெடக்கும். பொழுதோட வந்தா வெளக்குப் போட ஆளிருக்காது. அதெல்லாம் பழகிக்கலாமுங்க. நான் பாக்கறது அவளோட மரியாதையை.

செவ்வாக்கெழமை சோறு போட்டு வெச்சுட்டு எதுக்கால உக்காந்தா. எப்பவும் உக்கார மாட்டா. "மாமா, ஒருக்கா அவரைக் காட்டுங்க"ன்னா. ஆரைன்னன். "அவரு இருதயம் வெச்சிருக்கறவரை. உசுரோட இருக்காருன்னு நீங்களே ஆளைக் காட்டிச் சொல்லுங்க. காட்டிட்டா நான் எங்கயும் போகலை, காலத்துக்கும் உங்களுக்குச் சோறாக்கிப் போட்டுட்டு இங்கயே இருந்துக்கறன். காட்டலைன்னா பேரூருக்குப் போலாம் மாமா"ன்னா. சத்தம் போடலை, அழுகலை. வியாழக்கிழமை ஆசுபத்திரிக்கு நானும் வர்றன், நீங்க முன்னால போங்கன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அதானுங்க இன்னிக்கு.

நெசமான ஆளையே காட்டலாமேன்னு கேக்கறீங்களா? கேப்பீங்கன்னு தெரியும்.

காட்டியிருக்கலாமுங்க. ஆளு இருந்தாரு. ஆனைமலைக்காரரு. ஆபீசுல கேட்டா பேரு சொல்ல மாட்டாங்க, சட்டமாம். ஆனா இதே ஆசுபத்திரியிலதான் இருதயத்தை வெச்சாங்கன்னு வார்டு கூட்டற பொம்பளை காதோட காதா சொல்லிருச்சு. அப்பறம் வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்து உக்காந்து, ஆளை ஆளாப் பாத்து, ஆருக்கு என்னிக்கு ஆபரேசன் ஆச்சுன்னு காதைக் குடுத்துக் கேட்டு, கடைசியில கண்டுபுடிச்சுட்டன். சம்சாரத்தைக் கூட்டிட்டு வருவாரு. எனக்கு எட்டத்துல அந்தத் தூணுகிட்ட உக்காருவாரு. நான் அவரு நெஞ்சையே பாத்துட்டிருப்பேன். சட்டைக்குள்ள அது எந்தப் பக்கம் இருக்கும்னு.

நெம்ப நாளு பேசலீங்க. பாத்தா மட்டும் போதும்னு இருந்துச்சு. ஆனா அந்த ஆளு நல்ல ஆளு இல்லீங்க தம்பி. சம்சாரத்தை எதுக்கெடுத்தாலும் வெடுக்கு வெடுக்குன்னு பேசுவாரு. தண்ணி பாட்டிலு மூடி கெட்டியா இருந்தாக்கூட அந்தம்மா மேல எரிஞ்சு உழுவாரு. என்ற பையன் ஒரு நாளாச்சும் கோகிலாவை அதட்டியிருப்பானா? ஒரு நாளு பொறுக்காம எந்திரிச்சுப் போயிட்டன். "ஏனுங்க, நீங்க வெச்சிருக்கறது என்ற பையன் இருதயம். அதை வெச்சுட்டுப் பொம்பளையை இப்படிப் பேசாதீங்க"ன்னு சொல்லிப்போட்டன்.

அவரு ஆடிப் போயிட்டாரு. எந்திரிச்சு என்ற காலைத் தொட வந்துட்டாரு. அந்தம்மா ஓன்னு அழுவுது. பேரென்ன, ஊரெங்கன்னு கேட்டாங்க. சொன்னன். அவரு என்ற கையைப் புடிச்சு அவரு நெஞ்சுல வெச்சாரு. அட சாமி! துடிச்சுதுங்க. நல்லாத் துடிச்சுது. நான் பாட்டுக்கு நின்னுட்டே இருக்கறன், அவரு டோக்கனைக் கூப்பிட்டாங்க, கையை எடுக்க முடியலை எனக்கு.

அதுக்கப்பறம் அவரு அந்தம்மாளை அதட்டி நான் பாக்கலீங்க. நான் பாக்கறப்ப அதட்டலை.

ஐப்பசியில ஒரு வியாழக்கிழமை வரலை. அடுத்த வாரமும் வரலை. வார்டு கூட்டற பொம்பளைதான் சொல்லுச்சு, ஆனைமலைக்காரரு போயிட்டாருங்கய்யா, நெஞ்சுல சளி கட்டி, இங்க கொண்டாறதுக்குள்ளயே ஆயிப்போச்சுன்னு.

அன்னிக்கு நான் ஊட்டுக்குப் போனன். கோகிலா சோறு போட்டா, தின்னன். ரசம் நல்லாருக்குது கண்ணுன்னு சொன்னன். அவரு எப்படி மாமா இருக்காருன்னு கேட்டா. எப்பவும் கேப்பா. நல்லாருக்கான்னு சொன்னன். வேற என்னுங்க சொல்லட்டும்? சொன்னா, மறுபடியும் ஒருக்கா அவளுக்கு எழவு உழுவாதா? ஒரு பொம்பளை ஒரே புருசனுக்கு எத்தனை தடவை அழுவா? அவளுக்காகத்தான் மறைச்சேனுங்க. இதுல என்ற சுயநலம் என்ன இருக்குது?

அவரு போனதுக்கப்பறமும் வியாழக்கிழமையானா இங்க வந்துட்டுத்தான் இருக்கறன். பாக்கறதுக்கு ஆளில்லை. ஆனா வராம இருந்தா அவ, ஏன் மாமா இன்னிக்குப் போகலையான்னு கேப்பாளே. அவளே காலையில எந்திரிச்சுத் தூக்குப்போசியில சோத்தைக் கட்டிக் குடுப்பா. வாங்கிட்டுக் கெளம்பி வந்து, இந்தப் பெஞ்சில உக்காந்து தின்னுட்டுப் போவேன். போறது, உக்கார்றது, வர்றது. அலுத்துப் போச்சுங்க தம்பி. பஸ்ஸுல வர்றப்ப அப்படியே தூங்கிட்டா நல்லாருக்கும்னு தோணும். எறங்க வேண்டியதில்லாம.

கண்ணு, கிட்னி, ஈரல்னு மத்ததெல்லாம் எங்கெங்கயோ போச்சு. அதுக எங்க இருக்குதுன்னும் தெரியாது. அதுகளை வெச்சுட்டு இவன் இருக்கான்னு சொல்ல முடியுமா முடியாதா, அதைக் கேக்கறதுக்கு எந்தச் சாமிகிட்டப் போறதுன்னும் தெரியலை. இருதயம்தானுங்க எனக்குத் தெரியும். கையில தொட்டுப் பாத்தது அதுதான்.

அதானுங்க, உங்களைக் கேக்கறன். ஒரு வார்த்தை. ஆமாம்மா, நாந்தான். பொய்யின்னு பாத்தா பொய்யிதான். ஆனா உங்களுக்குள்ளயும் ஒருத்தர் உறுப்பு ஓடிட்டுத்தான இருக்குது? பாதி நெசம்தான? சொல்லுவீங்களா? தலையை ஆட்டறீங்களா, ஆட்டலையா? மாஸ்க் போட்டிருந்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

அதோ, வந்துட்டா. அந்தப் பச்சைச் சீலை. கையில மஞ்சப்பையோட வர்றா பாருங்க, அவதான். கம்முனு இருங்க, நான் பேசறன்.

வா கண்ணு. பஸ்ஸுல எடம் கெடைச்சுதா? உக்காரு. இதோ, இவருதான். நான் சொல்லுவனே, அவரு. நல்லா இருக்காரு, பாத்தயா? ஏனுங்க, நீங்களே சொல்லுங்க.

என்ன கண்ணு? ஏன் அவரைப் பாத்துக் கும்புடறே? "அண்ணா, மாமா உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டாரா"ன்னா கேக்கறே? சிரமம் என்ன இருக்குது இதுல. நீ கேட்டயே, காட்டுன்னு. காட்டிட்டனே.

என்ன? தெரியுமா? என்ன தெரியும் உனக்கு?

ஆனைமலைக்காரரு போனது உனக்குத் தெரியுமா? ஆரு சொன்னா? வார்டு பொம்பளையா? பின்ன? அந்தம்மாளா? அவரு சம்சாரம் நம்மூட்டுக்கு வந்துச்சா? எப்ப? நான் தறிக்குப் பாவு நூல் வாங்கப் போயிருந்த அன்னிக்கா? தம்பி, கேளுங்க இதை. நாந்தானே அவங்ககிட்ட ஊரைச் சொன்னன். விசாரிச்சுட்டு வந்திருக்குது. என்ன கண்ணு சொல்லுச்சு? "பத்திரமா வெச்சுக்க முடியாமப் போச்சு, மன்னிச்சுக்கங்க"ன்னா? அவரே சொல்லச் சொன்னாரா, கடைசியில? அட கடவுளே. அந்த மனுசனா?

இரு இரு. நீ எங்க போனே? அவரு கருமாதிக்கா? ஆனைமலைக்கு, தனியாவா? கம்பெனிக்கு லீவு போட்டுட்டா? என்கிட்ட ஓவர்டைமுன்னு சொன்னயே, அன்னிக்கா?

என்னது? மறுபடியும் சொல்லு. ரண்டு பிண்டம் வெச்சாங்களா?

நவநீதன்னு பேரு சொல்லியா? பேரு சொல்லி? அங்க சாங்கியம் பண்ணுனவரு கேக்கலையா, அது ஆருன்னு? அந்தம்மா என்ன சொல்லுச்சு? சத்தமாச் சொல்லு கண்ணு, இந்தத் தம்பியும் கேக்கட்டும். "எங்கூட்டுக்காரரோட கடைசி வரைக்கும் கூடவே இருந்தவரு"ன்னு சொல்லுச்சா.

தம்பி, கேட்டீங்களா? ஆரோ, ஊரு பேரு தெரியாதவங்க, என்ற பையனுக்குப் பிண்டம் வெச்சிருக்காங்க. நான் வைக்கலை. நான் வாசப்படியில நின்னு மறிச்சுட்டு இருந்தன், அங்க நடந்து முடிஞ்சு போச்சு.

அப்பறம் ஏன் கண்ணு என்கிட்டச் சொல்லலை? ஐப்பசியில இருந்து தெரிஞ்சுட்டேவா அவரு எப்படி இருக்காருன்னு வாராவாரம் கேட்டே? தெரிஞ்சுட்டேவா போசியில சோத்தைக் கட்டிக் குடுத்தே?

நான் சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தயா.

செவ்வாக்கெழமையும் அதுக்குத்தான் கேட்டயா. நான் சொல்லுவேன்னு.

நான் என்ன பண்ணுனன் பாருங்க தம்பி. உங்ககிட்ட இத்தனை நேரமாக் கெஞ்சிட்டு இருக்கறன், பொய் சொல்லச் சொல்லி. அவ என்ற வாயில இருந்து ஒரு நெசம் வரும்னு அத்தனை நாளா காத்துட்டு இருந்திருக்கறா. எனக்குச் சோறு போட்டுட்டு. நெத்தியில அந்தப் பொட்டோட.

அந்த மஞ்சப்பையில என்ன கண்ணு? கலயமா? நீயா எறக்குனே? அத்தனை ஒசரத்துல இருந்து? தறி மேல ஏறியா? உழுந்து கிழுந்து போயிருந்தா! செரி, செரி, திட்டலை. எள்ளு வாங்கியாச்சா? பச்சரிசி? எல்லாம் இருக்குதா. பேரூருக்கு இங்கிருந்து ஒரே பஸ்ஸுதான். ஐயரு இருப்பாரு. போன தடவை என்னைத் தொரத்தி உட்டாரு, இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

குடு, அதை நான் வெச்சுக்கறன். குடு கண்ணு. நானே தூக்கிட்டு வர்றன்.

தம்பி, உங்களைக் கூப்பிடறாங்க பாருங்க, போங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லாமயே போச்சு. நல்லதாப் போச்சு. அந்த மாஸ்க்கைச் சித்தக் கழட்டித் தண்ணி குடிச்சுட்டுப் போங்க, மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்குது. ஊட்டுல சம்சாரத்தைக் கேட்டதாச் சொல்லுங்க. அவங்களை அதட்டாதீங்க, என்னுங்க.

கண்ணு, நட. இரு, உன்ற பொறந்தவனுக்குப் போனைப் போடு. பேரூர் படித்துறைக்கு வந்துரச் சொல்லு. அவன்தானே பொறந்த ஊட்டுக் கோடிச் சீலை கொண்டாந்து போடோணும். என்ற பேச்சை எடுத்தான்னா, மாமாதான் வரச் சொன்னாருன்னு சொல்லு. வெள்ளைச் சீலை வேண்டாம்னு சொல்லு. கலருச் சீலையாப் பாத்து எடுத்துட்டு வரச் சொல்லு.